ஆவடி டாங்கியும் நாற்பதாயிரம் ரூபாய் ட்ரோனும்

இந்த முறை கொஞ்சம் சத்தமான தலைப்பு.

நம்ம கரையான்சாவடி சந்திப்பிலிருந்து வடக்கே போகிற சாலை ஆவடிக்குப் போகிறது. இந்திய ராணுவத்தின் டாங்கிகள் உருவாகும் ஊர் அது. அதே சந்திப்பிலிருந்து மேற்கே திரும்பி, பூந்தமல்லி தாண்டி பெங்களூர் நெடுஞ்சாலையைப் பிடித்தால் ஸ்ரீபெரும்புதூர். அதன் பக்கத்தில் வல்லம் வடகால் தொழிற்பேட்டையில் ஆளில்லா விமானங்களைச் சோதிக்க ஒரு மையம் அமைப்பது என்று தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத் திட்டத்தில் முடிவானது. ஒரு பக்கம் டாங்கி, இன்னொரு பக்கம் ட்ரோன். நடுவில் நாம்.

2022-ல் உக்ரைன் போர் ஆரம்பித்ததிலிருந்து உலகம் முழுக்க ஒரு கேள்வி ஓடிக்கொண்டிருக்கிறது. டாங்கியின் காலம் முடிந்துவிட்டதா? வேறு ஊர்க்காரர்களுக்கு இது டீக்கடை விவாதம். நமக்கு அப்படி இல்லை. ஆவடி தொழிற்சாலையில் அப்பாவோ மாமாவோ வேலை பார்த்த நண்பர்கள் நம் வகுப்பிலேயே இருக்கிறார்கள். அங்கே செய்கிற வண்டிக்குள் உட்கார்ந்து எல்லைக்குப் போகிறவர்களும் யாரோ ஒரு வீட்டுப் பிள்ளைகள்தான். அதனால் இந்தக் கேள்வியைக் கொஞ்சம் பொறுமையாக, வரலாற்றோடு சேர்த்துப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

டாங்கி ஏன் வந்தது?

முதல் உலகப் போரில் இயந்திரத் துப்பாக்கியும் முள்கம்பியும் சேர்ந்து காலாட்படையை ஓட முடியாமல் செய்துவிட்டன. பதுங்கு குழியை விட்டு எழுந்தவன் எதிர்க் குழி போய்ச் சேருவதற்குள் செத்தான். அதற்கு மருந்தாகத்தான் பிரிட்டிஷ்காரர்கள் 15 செப்டம்பர் 1916-ல் பிரான்சின் சோம் போர்க்களத்தில் டாங்கியை முதன்முதலாக இறக்கினார்கள். குண்டு துளைக்காத இரும்புத் தோல், முள்கம்பியை நசுக்கும் சங்கிலிப் பட்டை, உள்ளே துப்பாக்கி. ஓடுவது, தாங்குவது, சுடுவது என்ற இந்த மூன்றும் ஒரே வண்டியில் சேர்ந்ததுதான் டாங்கி. இன்றுவரை அந்த இலக்கணம் மாறவில்லை.

ஆனால் மருந்து வந்த இரண்டே வருடத்தில் மாற்று மருந்தும் வந்துவிட்டது. ஜெர்மானியர்கள் பதுங்கு குழியை அகலமாக வெட்டினார்கள், பீரங்கியை நேருக்கு நேர் வைத்துச் சுட்டார்கள், 1918-ல் டாங்கியைத் துளைப்பதற்கென்றே ஒரு பெரிய துப்பாக்கியும் செய்தார்கள். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரை முழுக்க இதே கதைதான் வேறு வேறு வேஷத்தில் வரப்போகிறது.

ஆவடி எப்படி டாங்கி ஊர் ஆனது?

ஆவடி என்ற பெயரே ராணுவத்தின் ஆங்கிலச் சுருக்கெழுத்து என்று ஒரு கதை உலவுகிறது. டாங்கித் தொழிற்சாலையால் வந்த பெயர் என்று சொல்பவர்களுக்கு ஒரு பதில் இருக்கிறது. 1955-லேயே காங்கிரஸ் மாநாடு ஆவடியில் நடந்து, சோஷலிச பாணி சமுதாயம் என்ற புகழ்பெற்ற தீர்மானம் அங்கே நிறைவேறியது. கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது அதற்குப் பிறகு, 1961-ல்.

இங்கிலாந்தின் விக்கர்ஸ் நிறுவனத்தின் வடிவமைப்பை வாங்கி இங்கே செய்த டாங்கிக்கு விஜயந்தா என்று பெயர். சுமார் 39 டன் எடை, 105 மி.மீ. பீரங்கி, நான்கு பேர் கொண்ட குழு. ஆவடியில் கட்டிய முதல் விஜயந்தா 1965 டிசம்பரில் வெளியே வந்தது. 1980களின் தொடக்கம்வரை ஆவடி இந்த வண்டியைச் செய்துகொண்டே இருந்தது. 1971 போரில் விஜயந்தா களம் கண்டது. பிறகு ரஷ்ய வடிவமைப்பான டி-72 (நம் ராணுவத்தில் அஜேயா) வந்தது. அதற்குப் பிறகு டி-90 (பீஷ்மா). ஆவடியில் உள்நாட்டிலேயே தயாரான முதல் பீஷ்மாக்கள் 2009-ல் ராணுவத்திடம் ஒப்படைக்கப்பட்டன.

இன்னொரு பக்கம், ஆவடியிலேயே உள்ள போர் வாகன ஆராய்ச்சி நிறுவனம் அர்ஜுன் டாங்கியை வடிவமைத்தது. திட்டத்துக்கு அனுமதி கிடைத்தது 1974-ல். ராணுவத்தில் சேர ஆரம்பித்தது 2004-ல். முப்பது வருடம்! இதன் புதிய வடிவமான அர்ஜுன் மார்க் 1ஏ 14 பிப்ரவரி 2021 அன்று சென்னையில் ராணுவத்திடம் ஒப்படைக்கப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் 118 வண்டிகளுக்கு 7,523 கோடி ரூபாய்க்கு ஆர்டர் தந்தார்கள். 1 அக்டோபர் 2021 முதல் கனரக வாகனத் தொழிற்சாலை பழைய ஆயுதத் தொழிற்சாலை வாரியத்திலிருந்து பிரிந்து, ஆவடியையே தலைமையிடமாகக் கொண்ட கவச வாகன நிகாம் என்ற அரசு நிறுவனத்தின் கீழ் வந்தது.

இந்த 7,523 கோடியை 118-ஆல் வகுத்துப் பாருங்கள். வண்டி ஒன்றுக்குச் சுமார் 64 கோடி ரூபாய் வருகிறது. இந்த எண் பின்னால் தேவைப்படும்.

ஜீப் ஜெயித்த இடம்

விஜயந்தா வெளியே வருவதற்கு மூன்று மாதம் முன்னால் பஞ்சாபில் ஒரு பெரிய டாங்கிச் சண்டை நடந்தது. 1965 செப்டம்பர் 8 முதல் 10 வரை, கேம்கரன் பக்கம் அசல் உத்தர் என்ற கிராமம். பாகிஸ்தானிடம் அமெரிக்கா கொடுத்த பேட்டன் டாங்கிகள் இருந்தன. அந்தக் காலத்தில் மிக நவீனமான வண்டி. நம்மிடம் இருந்ததில் நல்லது செஞ்சூரியன். மற்றவை இரண்டாம் உலகப் போர்க்காலத்து ஷெர்மனும், எடை குறைந்த ஏஎம்எக்ஸ் டாங்கியும்.

நம் படை என்ன செய்தது? குதிரை லாட வடிவத்தில் நிலை எடுத்துக் கரும்புக் காட்டில் ஒளிந்துகொண்டது. கால்வாய்க் கரையை உடைத்து வயலில் தண்ணீரைப் பாய்ச்சியது. பேட்டன்கள் சேற்றில் சிக்கி மெதுவானபோது பக்கவாட்டிலிருந்து சுட்டது. பாகிஸ்தான் இழந்த டாங்கிகள் கிட்டத்தட்ட நூறு.

இதில் 4-வது கிரெனேடியர்ஸ் படையைச் சேர்ந்த அப்துல் ஹமீது என்ற வீரரின் பங்கு தனி. அவர் கையில் டாங்கி இல்லை. ஒரு ஜீப், அதன் மேல் 106 மி.மீ. பின்னுதைப்பில்லாத பீரங்கி. கரும்பின் மறைவில் ஜீப்பை நகர்த்துவது, சுடுவது, உடனே இடம் மாறுவது. இப்படியே பல பேட்டன்களை உடைத்துவிட்டு, கடைசியில் ஒரு டாங்கியின் குண்டுக்கே அவர் பலியானார். இறப்புக்குப் பின் பரம்வீர் சக்ரா விருது.

மலிவான ஆயுதம், ஒளிந்திருக்கும் ஆள், விலை உயர்ந்த இலக்கு. உக்ரைனில் நடப்பதற்கும் இதற்கும் அடிப்படை ஒன்றுதான். ஒரே ஒரு பெரிய வித்தியாசம்: அப்துல் ஹமீது எதிரியின் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருந்தார். இன்றைய ட்ரோன்காரர் பத்து கிலோமீட்டர் தள்ளி ஒரு நிலவறையில் உட்கார்ந்திருக்கிறார்.

ஆபத்து மேலிருந்து வந்தபோது

டாங்கியின் இரும்பு எல்லாப் பக்கமும் ஒரே தடிமன் இல்லை. எல்லாப் பக்கமும் தடித்தால் வண்டி நகராது, பாலம் தாங்காது. எதிரி முன்னால்தான் இருப்பான் என்ற கணக்கில் முன்பக்கம் மிகவும் தடிப்பு, பக்கவாட்டு அதைவிடக் குறைவு, கூரையும் பின்பக்கமும் மெலிசு. இதுதான் டாங்கியின் ஜாதகத்தில் உள்ள தோஷம்.

இந்தத் தோஷம் 1971 டிசம்பரில் ராஜஸ்தான் பாலைவனத்தில் லோங்கேவாலாவில் நன்றாகவே தெரிந்தது. மேஜர் குல்தீப் சிங் சந்த்பூரி தலைமையில் ஒரு கம்பெனி ஆட்கள் இரவு முழுக்க எல்லைக் காவல் நிலையத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். விடிந்ததும் ஜெய்சல்மரிலிருந்து ஹண்டர் விமானங்கள் வந்தன. மறைவே இல்லாத மணலில், தலைக்கு மேல் விமானப் பாதுகாப்பும் இல்லாமல் வந்த பாகிஸ்தான் டாங்கிகள் முப்பதுக்கும் மேல் அங்கேயே முடிந்தன.

வானத்திலிருந்து வரும் மலிவான ஆயுதம் என்றால் நமக்கு இன்னும் பக்கத்திலேயே ஒரு உதாரணம் உண்டு. பூந்தமல்லியிலிருந்து பெங்களூர் சாலையில் போய், காஞ்சிபுரம் பக்கம் திரும்பினால் புள்ளலூர். ஆங்கிலேயர் இதைப் பொள்ளிலூர் என்று எழுதினார்கள். 10 செப்டம்பர் 1780 அன்று அங்கே ஹைதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் படையை வளைத்து அழித்தார்கள். மைசூர்ப் படையின் ராக்கெட்டுகள் இரும்புக் குழாயில் செய்தவை. ஐரோப்பாவின் காகிதக் குழாய் ராக்கெட்டை விட அதிக அழுத்தம் தாங்கும், அதனால் அதிக தூரம் போகும். சண்டையின் நடுவே பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. ராக்கெட் பட்டுத்தான் வெடித்தன என்று பலர் எழுதியிருக்கிறார்கள். காஞ்சிபுரத்தில் பெரிய படையோடு இருந்த ஹெக்டர் மன்றோ உதவிக்கு வந்து சேரவில்லை. பிறகு பரங்கிமலைக்கே பின்வாங்கிவிட்டார்.

ராக்கெட் குறி தவறுகிற ஆயுதம். ஆனால் மலிவு, எண்ணிக்கை அதிகம், சரியான இடத்தில் ஒன்று பட்டால் போதும். 240 வருடம் கழித்து வந்த ட்ரோனுக்கும் முதல் இரண்டு குணங்கள் அப்படியே இருக்கின்றன. மாறியது ஒன்றுதான்: இது குறி தவறாமல் இருக்கத் தனக்கென்று ஒரு கண் வைத்திருக்கிறது.

44 நாள் பாடம்

2020 செப்டம்பர் 27-ல் நகோர்னோ-கராபாக் பகுதிக்காக அஜர்பைஜானும் ஆர்மீனியாவும் மோதின. 44 நாளில் முடிந்த போர். ஆர்மீனியப் பக்கம் இருந்தவை பெரும்பாலும் டி-72 டாங்கிகள், அதாவது ஆவடியின் அஜேயாவுக்கு உறவுக்காரர்கள். அஜர்பைஜான் துருக்கியின் பைரக்தார் ட்ரோன்களையும், இலக்கைத் தேடி வட்டமடித்துக் கடைசியில் தானே மோதி வெடிக்கும் இஸ்ரேலின் ஹாரோப் ட்ரோன்களையும் வைத்திருந்தது.

அவர்கள் செய்த ஒரு தந்திரம் ரசிக்கத்தக்கது (போரில் ரசிக்க என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள்). பழைய சோவியத் காலத்து இரட்டை இறக்கை விமானங்களை ஆளில்லாமல் பறக்கவிட்டார்கள். அதைச் சுட ஆர்மீனிய ஏவுகணைப் படை ரேடாரைப் போட்டதும் அதன் இருப்பிடம் தெரிந்துவிட்டது. உடனே அடி. வான்பாதுகாப்பு போனபின் கீழே இருந்த டாங்கிகள் ஒவ்வொன்றாகப் போயின.

உக்ரைன்: வேட்டைக்காரன் கண்ணாடி

2022 பிப்ரவரி 24-ல் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தபோது முதலில் பேர் வாங்கியவை தோளில் வைத்துச் சுடும் ஜாவலின், என்லா ஏவுகணைகள். ஜாவலின் மேலே எழும்பி டாங்கியின் கூரையில் இறங்கும். என்லா கூரைக்கு மேலே பறந்தபடியே கீழ்நோக்கி வெடிக்கும். மறுபடியும் அதே மெல்லிய கூரை! டி-72 வகை வண்டிகளில் குண்டை ஏற்ற ஆள் கிடையாது. கோபுரத்துக்குக் கீழே வட்டமாக 22 குண்டுகள் அடுக்கிய இயந்திரம் ஏற்றும். கூரை வழியாகத் தீ உள்ளே போனால் அந்த அடுக்கு மொத்தமாக வெடித்துக் கோபுரமே பிய்த்துக்கொண்டு பறக்கும். உள்ளே இருக்கும் மூவருக்கும் தப்ப நேரமில்லை.

2023 வாக்கில் ஆட்டத்தின் விதியையே மாற்றியது எஃப்.பி.வி. எனப்படும் சின்ன ட்ரோன். பந்தயத்துக்காகப் பறக்கவிடுகிற நாலு விசிறி ட்ரோன்தான். அதன் அடியில் ஆர்.பி.ஜி. ராக்கெட்டின் தலைப்பகுதியைக் கட்டிவிடுவார்கள். ஓட்டுபவர் முகத்தில் ஒரு கண்ணாடியை மாட்டிக்கொள்வார். ட்ரோனின் கேமரா பார்ப்பதை அவர் நேரடியாகப் பார்ப்பார். விலை நானூறு, ஐந்நூறு டாலர். நம்ம கணக்கில் சுமார் நாற்பதாயிரம் ரூபாய்.

முன்னால் சொன்ன 64 கோடியை இதால் வகுத்தால் ஒரு அர்ஜுன் விலைக்குச் சுமார் 16,000 ட்ரோன் வாங்கலாம். தலை சுற்றுகிறதா? ஆனால் இந்தக் கணக்கை அப்படியே நம்பக் கூடாது. ஒரு டாங்கியை முடிக்கப் பல ட்ரோன்கள் தேவைப்படுவது சகஜம். பாதி வழியில் சிக்னல் போகும், மரக்கிளையில் மாட்டும், பேட்டரி தீரும். மழை, மூடுபனி, பலத்த காற்று என்றால் பறக்கவே முடியாது. ஓட்டுநருக்குப் பல வாரப் பயிற்சி வேண்டும், அவரைக் காப்பாற்றவும் வேண்டும். இத்தனையையும் சேர்த்தாலும் கணக்கு டாங்கிக்குச் சாதகமாக இல்லை என்பதுதான் பிரச்சினை.

சண்டை இப்படி நடக்கிறது. முதலில் கேமரா மட்டும் உள்ள ஒரு ட்ரோன் உயரத்தில் நின்று பார்க்கும். அது கல்யாண வீட்டில் படம் பிடிக்கிற அதே வகைச் சீன ட்ரோனாகவும் இருக்கலாம். டாங்கி தென்பட்டதும் எஃப்.பி.வி. கிளம்பும். முதல் அடி சங்கிலிப் பட்டைக்கு, வண்டி நிற்க. அடுத்தது எஞ்சின் பக்கம். ஆட்கள் கதவைத் திறந்து ஓடினால் திறந்த கதவு வழியாக மூன்றாவது உள்ளே போகும். இரவில் ஆறு விசிறி கொண்ட பெரிய ட்ரோன்கள் வந்து பாதையில் கண்ணிவெடி வைத்துவிட்டுப் போகும்.

இதனால் போர்க்களத்தின் வடிவமே மாறிவிட்டது. முன்பெல்லாம் முன்வரிசை என்பது ஒரு கோடு. இப்போது அது இருபக்கமும் பதினைந்து, இருபது கிலோமீட்டர் அகலமான ஒரு பட்டை. அதற்குள் பகலில் நகர்கிற எதுவும் கண்ணில் படும், கண்ணில் பட்டது அடிபடும். நூறு பேர் சேர்ந்து தாக்குவது போய், இரண்டு மூன்று பேராகப் பதுங்கிப் பதுங்கிப் போகிறார்கள். ரஷ்யர்கள் மோட்டார் பைக்கில்கூடத் தாக்குகிறார்கள். காயம்பட்டவரைத் தூக்கிவர ஆம்புலன்ஸ் போக முடியாமல், அவர் நாள் கணக்கில் குழிக்குள் கிடக்க நேர்கிறது. ட்ரோன் பற்றிப் பேசும்போது விலையும் வேகமும் பேசுகிறோம். இதைப் பேச மறந்துவிடுகிறோம். ஒற்றை மனிதனை ஒரு இயந்திரம் தேடித் துரத்தி, அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே கொல்வது போர் வரலாற்றில் புதிது.

அமெரிக்கா கொடுத்த 31 ஏப்ராம்ஸ் டாங்கிகளுக்கும் இதே கதிதான். உலகின் மிகச் சிறந்த டாங்கிகளில் ஒன்று என்று பெயர் வாங்கியவை. ட்ரோன் பயத்தால் அவற்றை 2024 ஏப்ரலில் முன்வரிசையிலிருந்து பின்னுக்கு இழுத்தார்கள் என்று செய்தி வந்தது.

மாற்று மருந்து தேடும் படலம்

1916 கதை மறுபடி ஆரம்பம். ட்ரோனுக்கு என்ன மருந்து?

முதலில் கூண்டு. கோபுரத்துக்கு மேல் இரும்புக் கம்பி வலை. ட்ரோன் வலையில் மோதி முன்கூட்டியே வெடித்தால் சேதம் குறையும். ஆரம்பத்தில் எல்லோரும் சிரித்தார்கள். பிறகு சிரித்தவர்களும் மாட்டிக்கொண்டார்கள். 2024-ல் ரஷ்யர்கள் டாங்கி முழுவதையும் தகரக் கொட்டகை மாதிரி மூடி ஓட்ட ஆரம்பித்தார்கள். ஆமை டாங்கி என்று அதற்குப் பெயர். கோபுரத்தைத் திருப்பக்கூட முடியாது. ஆனாலும் சில நேரம் பல ட்ரோன் அடிகளைத் தாங்கிக்கொண்டு ஊர்ந்தது.

இரண்டாவது ஜாமர். ட்ரோனுக்கும் ஓட்டுநருக்கும் இடையில் உள்ள ரேடியோ அலையைக் குழப்புவது. இது நன்றாக வேலை செய்தது. எப்போது வரை? 2024-ல் ரஷ்யர்கள் கண்ணாடி இழை ட்ரோனைப் பெரிய அளவில் கொண்டுவரும் வரை. ட்ரோன் பறக்கப் பறக்க, மெல்லிய இழை ஒன்று உருளையிலிருந்து பின்னால் அவிழ்ந்துகொண்டே வரும். பத்து கிலோமீட்டருக்கும் மேல். ரேடியோவே இல்லாததால் குழப்ப எதுவும் இல்லை. வயல்களில் அந்த இழைகள் சிலந்தி வலை மாதிரி மின்னிக்கொண்டு கிடக்கும் படங்களைப் பார்த்திருப்பீர்கள்.

வரலாற்று மாணவனுக்கு இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1973 அக்டோபரில் சூயஸ் கால்வாய்க் கரையில் எகிப்தியக் காலாட்படை இஸ்ரேலிய டாங்கிகளை அடித்தது சாகர் என்ற ஏவுகணையால். அதுவும் பின்னால் கம்பி அவிழ்ந்துகொண்டே போகிற ஏவுகணைதான். தூரம் மூன்று கிலோமீட்டர். அப்போதும் "டாங்கி செத்துவிட்டது" என்று எழுதினார்கள். ஐம்பது வருடம் கழித்து அதே கம்பி யோசனை புதுச் சட்டை போட்டு வந்திருக்கிறது.

மூன்றாவது வலை. முன்வரிசைக்குப் போகும் சாலைகள் மேல் கிலோமீட்டர் கணக்கில் வலை கட்டுகிறார்கள். ஐரோப்பிய மீனவர்கள் பழைய மீன்வலைகளை உக்ரைனுக்குக் கொடுத்திருக்கிறார்கள். நம்ம காசிமேட்டில் காயப்போட்டிருக்கிற மாதிரி வலை, பல கோடி ரூபாய் வண்டியைக் காப்பாற்றுகிறது! நான்காவது, ட்ரோனை ட்ரோனாலேயே மோதி வீழ்த்துவது. ஐந்தாவது, பழைய நல்ல துப்பாக்கி.

நம் எல்லையில்

இந்தியாவுக்கு முதல் எச்சரிக்கை 27 ஜூன் 2021-ல் ஜம்மு விமானப்படைத் தளத்தில் ட்ரோன் போட்ட வெடிகுண்டுகள். 2025 மே 7 முதல் 10 வரை நடந்த ஆபரேஷன் சிந்தூர் மோதலில் அது பெருவெள்ளமாக வந்தது. மே 8 இரவு மட்டும் 36 இடங்களில் சுமார் 300 முதல் 400 ட்ரோன்களைப் பாகிஸ்தான் அனுப்பியதாக நம் அரசு சொன்னது. அவற்றைச் சுட்டதில் புதிய ஏவுகணைகளோடு 40 மி.மீ. எல்-70 போன்ற பழைய விமான எதிர்ப்பு பீரங்கிகளுக்கும் பெரிய பங்கு உண்டு. ரேடாரும் கேமராவும் பொருத்திப் புதுப்பித்த கிழட்டுச் சிங்கங்கள். நாற்பதாயிரம் ரூபாய் ட்ரோனைக் கோடி ரூபாய் ஏவுகணையால் சுட்டால் சுடுகிறவன்தான் திவாலாவான். அதனால் குண்டு மலிவாக இருக்கும் பழைய பீரங்கிக்கு மறுபடி மரியாதை.

கவனியுங்கள், அந்த நான்கு நாளும் ஒரு டாங்கிகூட எல்லை தாண்டவில்லை. 1965-க்கும் 2025-க்கும் உள்ள தூரம் இதுதான். அதற்குப் பிறகு ஒவ்வொரு காலாட்படைப் பட்டாலியனிலும் ஒரு ட்ரோன் பிளட்டூன் அமைப்பதாக ராணுவம் 2025-ல் அறிவித்தது.

அப்படியானால் டாங்கி செத்துவிட்டதா?

என் பதில்: இல்லை. தனியாகப் போகிற டாங்கிதான் செத்துவிட்டது.

யோசித்துப் பாருங்கள். 1973-ல் இஸ்ரேலிய டாங்கிகள் காலாட்படையும் பீரங்கியும் துணையில்லாமல் போனபோதுதான் அடிவாங்கின. லோங்கேவாலாவில் விமானத் துணை இல்லாதவை அழிந்தன. அசல் உத்தரில் சேற்றையும் கரும்பையும் உளவு பார்க்காமல் வந்தவை அழிந்தன. 2020-ல் வான்பாதுகாப்பு போன பிறகு அழிந்தன. ஒவ்வொரு முறையும் டாங்கியைக் கொன்றது புது ஆயுதம் மட்டும் இல்லை, துணையின்மையும்தான்.

எதிர் உதாரணமும் இருக்கிறது. 2024 ஆகஸ்டில் உக்ரைன் படை ரஷ்யாவின் கூர்ஸ்க் பகுதிக்குள் நுழைந்தபோது கவச வண்டிகள்தான் முன்னால் போயின. அதற்கு முன்பாக ரஷ்ய உளவு ட்ரோன்களை வீழ்த்தி, ஜாமர்களை முன்னால் நகர்த்தி, எதிரியின் கண்ணைக் கட்டிவிட்டுப் போனார்கள். கண் கட்டியிருந்த நாட்களில் கவச வண்டி வேலை செய்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ட்ரோன் ஒரு இடத்தைப் பிடித்து வைக்காது. அடிக்கும், தடுக்கும், அவ்வளவுதான். பிடிக்க மனிதன் போய் நிற்க வேண்டும், அவனை அங்கே கொண்டுசேர்க்க இரும்புத் தோல் ஒன்று வேண்டும். டாங்கியை ஒழித்துவிட்டால் அந்த வேலையை மோட்டார் பைக்கில் போகிற பையன் தன் சட்டையை மட்டும் நம்பிச் செய்ய வேண்டும். உக்ரைனில் நடப்பது அதுதான். டாங்கி குறைந்ததால் போர் மலிவாகவில்லை. மனித உயிர்தான் மலிவானது.

ஆவடிக்கு என்ன வேலை?

இங்கேதான் நம்ம ஊர் வருகிறது. ஆவடி ஆராய்ச்சி நிறுவனம் 2017-லேயே முந்த்ரா என்ற ஆளில்லாத சங்கிலிப்பட்டை வண்டியைக் காட்டியது. 2020 லடாக் மோதலுக்குப் பிறகு, எல் அண்ட் டி நிறுவனத்தோடு சேர்ந்து ஜோராவர் என்ற 25 டன் இலகு டாங்கியை வடிவமைத்தது. அது 2024 ஜூலையில் குஜராத்தின் ஹசீராவில் வெளியே காட்டப்பட்டது. ட்ரோன் பக்கமும் சென்னைக்கு வேர் உண்டு. குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் அண்ணா பல்கலைக்கழக மாணவர்கள் தக்ஷா என்ற குழுவாக ட்ரோன் செய்தார்கள். நடிகர் அஜித் அதற்கு ஆலோசகராக இருந்தது நம்மில் பலருக்கு ட்ரோனை விட நன்றாக ஞாபகம் இருக்கும் :-)

ஆக அறிவு இரண்டு பக்கமும் இருக்கிறது. வேகம்தான் கேள்வி. அர்ஜுனுக்கு முப்பது வருடம் ஆனது. உக்ரைனில் ஒரு ட்ரோன் தந்திரம் சில மாதத்தில் பழசாகிவிடுகிறது. கண்ணாடி இழை வந்ததும் அத்தனை ஜாமர்களும் பாதிப் பயனை இழந்தன. ஆகவே வண்டியின் உடம்பு முப்பது வருடம் உழைக்கும்படியும், அதன் மேல் உள்ள கண்ணும் காதும் குடையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழற்றி மாட்டும்படியும் இருக்க வேண்டும். கூரைக்குக் கவசம், சுற்றிலும் ட்ரோன் கண்டறியும் கருவி, ட்ரோனைச் சுடும் சின்னத் துப்பாக்கி, தனக்கென ஒரு உளவு ட்ரோன். இவை ஆடம்பரம் இல்லை, சங்கிலிப் பட்டை மாதிரி அடிப்படை உறுப்புகள். இதைச் செய்ய இரும்பு உருக்கத் தெரிந்த கையும் மென்பொருள் எழுதத் தெரிந்த கையும் ஒரே மேஜையில் உட்கார வேண்டும். நம்மில் பலர் இரண்டாவது கைக்காரர்கள். ஆவடித் தொழிலாளிகளின் பிள்ளைகளுக்கு அந்தத் தொழிற்சாலையில் இன்னும் வேலை இருக்கும், ஆனால் அது அப்பா பார்த்த அதே வேலையாக இருக்காது.

வெற்றி பெற்ற ஆயுதத்தை விட, தோற்ற ஆயுதத்தின் கதையில்தான் பாடம் அதிகம். பேட்டன் தோற்றது இரும்பு போதாமல் இல்லை. முன்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல்தான். அசல் உத்தர் என்றால் பஞ்சாபியில் 'உண்மையான பதில்' என்று அர்த்தமாம். ட்ரோனுக்கு உண்மையான பதிலை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. அது கண்டுபிடிக்கப்படும்வரை ஒவ்வொரு டாங்கிக்குள்ளும் மூன்று நான்கு பேர் உட்கார்ந்துதான் போகப்போகிறார்கள். அவர்கள் திரும்பி வருகிறார்களா என்பதை வைத்துத்தான் ஆவடியின் வேலையை நாம் மதிப்பிட வேண்டும்.

மாற்றுக் கருத்து இருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள். குறிப்பாக ஆவடிக்காரர்கள். அடுத்த கட்டுரையில் கொஞ்சம் அமைதியான விஷயமாகப் பார்ப்போம்.